திருப்பிச் சுற்றிய மோட்டார்

பல்லடம்,
9 ஜூன் 2025

சுழல்மதி கருவிகள் நிறுவனத்தின் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் தொலைபேசி எண்ணை அழைத்தால் ஒரு பெண்குரல் காத்திருக்கச் சொல்லிவிட்டு வீணையை வாசிக்க விடுகிறது. எவ்வளவு நேரம் கேட்டாலும் வீணைக்குப் பின்னால் ஆள் வருவதில்லை. அதனால் வாரண்டி அட்டையின் பின்புறம் இருக்கும் முகவரிக்கு எழுதுகிறேன்.

சென்ற ஆகஸ்டில் உங்களுடைய மரம் கடையும் லேத் ஒன்றை வாங்கினேன். ஓராண்டு வாரண்டி. எங்கள் பழைய கோழிப்பண்ணைக் கொட்டகையில் அதை வைத்து வாகை மரத்தில் கிண்ணங்கள் கடைந்து கோவையில் ஒரு கடைக்குக் கொடுத்துவந்தேன். ஏப்ரலில் ஒரு நாள் காலை சுவிட்ச் போட்டால் ஓடவில்லை. உங்களிடம் புகார் பதிந்தேன். புகாருக்கு எண் தந்தீர்கள். ஆள் வரவில்லை. மே மாதமும் போயிற்று.

மே கடைசியில், நான் கோவை போயிருந்த ஒரு நாள், என் மாமனார் பொங்கியண்ணன் மோட்டாரைக் கழற்றி ஸ்கூட்டரில் வைத்து, சூலூரில் பஷீர் என்பவரின் கடைக்குக் கொண்டுபோய்ப் புதிதாகக் காயில் கட்டி வாங்கிவந்தார். அவரே மாட்டினார். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்க சுவிட்சை ஒரு தட்டு தட்டினார். மோட்டார் திருப்பிச் சுற்றியது. நான் பாதி கடைந்து வைத்திருந்த கிண்ணம் சக்கிலேயே இருந்தது. மரத்தைப் பிடித்திருக்கும் அந்தச் சக், மரையில் முறுக்கி மாட்டுவது. நேராகச் சுற்றினால் இறுகும், திருப்பிச் சுற்றினால் கழலும் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அது மரத்தோடு கழன்று பறந்துவந்து அவருடைய இடது முன்கையில் அடித்தது. எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். அதன்பின் அந்த மோட்டாரை யாரும் தொடவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். ஆள் அனுப்பிப் பார்த்து, இயந்திரத்தை ஓட வைத்துக் கொடுங்கள். ஆவணியில் என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. கொட்டகை சமையலுக்கு வேண்டும். ஓடுகிற மிஷினாக இருந்தால் ஓரமாக இருக்கட்டும், ஓடாததைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

இப்படிக்கு,
லோகப்பிரியா


அம்பத்தூர், சென்னை,
18 ஜூன் 2025

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. வாரண்டி நிபந்தனைகளின்படி, நிறுவனத்தின் அங்கீகாரம் பெறாத நபர் மோட்டாரின் முத்திரையை உடைத்தாலோ, மோட்டாரைப் பிரித்தாலோ, அக்கணமே வாரண்டி காலாவதியாகும். தங்கள் மாமனார் திரு. பொங்கியண்ணன் அவர்கள் அனுமதியின்றி மோட்டாரைக் கழற்றி வெளியாளிடம் கொடுத்ததும், அதன் விளைவாக விபத்து நேர்ந்ததும் தங்கள் கடிதத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளன. ஆகவே தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம். இத்துடன் தங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது.

இங்ஙனம்,
ஜெரோம்,
மூத்த சேவை அலுவலர்

(கையால்) அவர் கை இப்போது எப்படி இருக்கிறது?


பல்லடம்,
23 ஜூன் 2025

திரு. ஜெரோம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். கை முறிந்தவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு நாலு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் மாமாவின் பங்காளி குமாரசாமியும் ஒருவர். எதையும் சத்தமாகத்தான் படிப்பார். "கம்பெனிப் பதிலுங்களா? படிங்க, கேப்போம்" என்று அத்தை உறையை அவரிடம் நீட்டியிருக்கிறார். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் "அனுமதியின்றி மோட்டாரைக் கழற்றி" என்ற இடத்தில் இருந்தார்.

அதுவரை எங்கள் வீட்டில் ஒரு கதை இருந்தது. கம்பெனிக்காரன் கெட்ட மோட்டாரைக் கொடுத்துவிட்டான் என்பது அந்தக் கதை. யார் வந்து கேட்டாலும் மாமா அதைத்தான் சொல்வார். நானும் மறுத்ததில்லை. அது உங்களுக்கு எழுதுகிற கடிதத்தில் சேர்க்க வேண்டிய கதையாக எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

குமாரசாமி படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அட பொங்கியண்ணா, உம் பேரு மெட்ராசு வரைக்கும் போயிருச்சு போ!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பிறகு எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார். அவர் போனபிறகு அத்தை என்னிடம், "ஏன் அம்மணி, ஊட்டுப் பெரியவரு பேரை எழுதித்தான் மிஷினு வாங்கோணுமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து மாமா என்னிடம் பேசுவதில்லை. கோபமாகக்கூட இல்லை. என்னைப் பார்த்ததும் வேறு எதையாவது தேடுகிறவர்போல ஆகிவிடுகிறார்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மோட்டார் என்றால் கிணற்று மோட்டார். அது நின்றால் யாரும் கம்பெனிக்கு எழுதுவதில்லை. எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தால் வாழை சாய்ந்துவிடும். கழற்றி, தூக்கிக்கொண்டு போய், காயில் கட்டி, சாயங்காலத்துக்குள் மாட்டிவிடுவார்கள். மாட்டியதும் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். திருப்பிச் சுற்றினால் தண்ணீர் சரியாக ஏறாது. வயரை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். யாருக்கும் அடிபடாது. ஐம்பது வருஷமாக அவர் அப்படித்தான் செய்கிறார். என் லேத் நின்று, நான் கொட்டகைக்குள் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவதை அவர் பார்த்திருக்கிறார். வாழைக்குச் செய்ததை எனக்கும் செய்தார். அதை நீங்கள் "அனுமதியின்றி" என்று எழுதினீர்கள். தவறில்லை. ஆனால் அனுமதி கொடுக்க உங்கள் ஆள் ஒருவர் வந்திருக்க வேண்டுமே?

கையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டு இருக்கிறது. சாப்பாட்டுக்குச் சிரமமில்லை. வேட்டியைத் தனியாகக் கட்ட முடியவில்லை. அதற்கு என் கணவர் நிதீஷ் திருப்பூர் கம்பெனிக்குக் கிளம்புமுன் உதவுகிறார். இரண்டு பேரும் அப்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

லோகப்பிரியா


அம்பத்தூர்,
2 ஜூலை 2025

அன்புள்ள லோகப்பிரியா அவர்களுக்கு,

பெயரைக் குறிப்பிட்டிருக்க வேண்டியதில்லை. "மூன்றாம் நபர்" என்று எழுதியிருந்தால் போதும். எங்கள் வழக்கமும் அதுதான். உங்கள் கடிதத்தில் பெயர் இருந்தது, கை தானாகப் போட்டுவிட்டது. மன்னிக்கவும்.

இந்த வேலையில் எனக்குப் பழகிப்போனது, கடிதத்தில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடிப் படிப்பது. பெரும்பாலும் முதல் பத்தியிலேயே கிடைத்துவிடும். முத்திரை தானாக விழுந்துவிட்டது என்பார்கள், எலி கடித்துவிட்டது என்பார்கள். உங்களுடையதில் கிடைக்கவில்லை. அதை என் மேலாளரிடம் காட்டினேன். "இவங்க ஏன் இதையெல்லாம் எழுதினாங்க?" என்றார். எனக்கும் தெரியவில்லை என்றேன்.

உங்கள் ஏப்ரல் புகாரை எடுத்துப் பார்த்தேன். பதிந்த அதே வாரம் அது முடிக்கப்பட்டிருக்கிறது. காரணம்: "வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை." உங்களை யாராவது அழைத்தார்களா? நினைவிருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஏப்ரலில் அது நின்ற அன்று வேகத்தைக் காட்டும் எண்கள் எரிந்தனவா? கருகிய வாடை வந்ததா? உறுமியதா, பேச்சுமூச்சில்லாமல் இருந்ததா? பஷீர் பிரித்தபோது என்ன சொன்னார் என்றும் கேட்டு எழுத முடியுமா?

இதனால் ஏதாவது நடக்கும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஜெரோம்


பல்லடம்,
8 ஜூலை 2025

திரு. ஜெரோம் அவர்களுக்கு,

யாரும் அழைக்கவில்லை. அந்த மாதம் முழுவதும் செல்போனைக் குளியலறை வாசல்வரை கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். அழைப்புகளின் விவரத்தை அச்செடுத்து இணைத்திருக்கிறேன்.

எண்கள் எரியவில்லை. வாடை இல்லை, சத்தம் இல்லை. ஒரு வீட்டில் கரண்ட் போனதுபோல இருந்தது.

பஷீரைப் பார்க்கச் சூலூர் போனேன். கடையில் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மாமாவின் கையைப் பற்றி அவரே முதலில் கேட்டார். பிறகு சொன்னார்: "காயிலு நல்லாத்தானுங்க இருந்துச்சு. ஒரு எடத்துலயும் கருகல. அண்ணங்கிட்டச் சொன்னேன். அவருதான், 'கழட்டினது கழட்டியாச்சு, எங்க மருமக மிஷினு, புதுசாவே கட்டிப்போடு'ன்னாருங்க. எந்தப் பக்கம் சுத்தோணும்னு கேட்டேன். அதைத் தட்டிப் பாத்துக்கலாம்னு சொல்லிப்போட்டாருங்க." பேசும்போது ஒரு சுருள் கம்பியைக் கையில் வைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தார். அவரும் தூங்கவில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் மருமகள் மிஷின். இந்தச் சொல்லை மாமா என்னிடம் சொன்னதில்லை. பஷீரிடம் சொல்லியிருக்கிறார்.

நான் ஏன் எல்லாவற்றையும் எழுதினேன் என்று உங்கள் மேலாளர் கேட்டதை யோசித்தேன். நேர்மை என்றெல்லாம் இல்லை. நான் நிறையப் படிப்பவள். படித்ததெல்லாம் தலைக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். உளி மரத்தில் படுகிற நேரத்தில் மட்டும் அது அடங்கும். இதுவரை யாரும் கேட்காததால் நானும் யாரிடமும் சொன்னதில்லை. அந்த அமைதி திரும்பக் கிடைக்குமா என்பதைத் தவிர, முதல் கடிதம் எழுதிய அன்று எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. மாமாவின் பெயர்கூட. அதுதான் அத்தையின் குற்றச்சாட்டும்.

லோகப்பிரியா


அம்பத்தூர்,
19 ஜூலை 2025

அன்புள்ள லோகப்பிரியா அவர்களுக்கு,

நீங்கள் சொன்ன அறிகுறிகள் எல்லாம் மோட்டாருடையவை அல்ல. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் போர்டு செத்திருக்கிறது. அந்தப் போர்டு வேறு ஊர்களிலும் செத்திருக்கிறது. எங்கள் ஆள் ஏப்ரலில் வந்திருந்தால் அரைமணி நேர வேலை. காயில் கட்டி மாட்டியபோது பழைய போர்டை விட்டுவிட்டு மோட்டாருக்கு நேராக லைன் கொடுத்திருப்பார்கள், அதனால்தான் ஓடியது. ஓடியிருக்க வேண்டாம்.

இதை நான் குறிப்பாக எழுதி மேலே வைத்தேன். வாடிக்கையாளரை அழைக்காமலேயே அழைத்ததாகப் புகாரை முடித்தது நம் பிரிவு என்றும் எழுதினேன். மேலாளர் என்னை அழைத்து, "ஜெரோம், கடைசி வரி இல்லாமலும் இது போகும்" என்றார். போகாது சார், அந்த வரி இல்லாவிட்டால் தப்பு முழுக்க அந்தப் பெரியவர் மேல்தான் நிற்கும் என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

புது மோட்டாரும் புதுப் போர்டும் அனுமதியாகிவிட்டன. லாரி சர்வீஸில் அனுப்புகிறோம். ஒரு நிபந்தனை உண்டு. எங்கள் தொழில்நுட்பர் வந்துதான் பெட்டியைப் பிரிக்க வேண்டும். வேறு யார் பிரித்தாலும் வாரண்டி முழுவதும் போய்விடும். இந்த முறை என்னால் எதுவும் செய்ய முடியாது. உங்கள் பக்கத்துக்கு இருப்பது ஒரே ஆள். ஓசூரிலிருந்து பொள்ளாச்சிவரை அவர்தான். மாதக் கடைசிக்குள் வருவார்.

பெரியவரிடம் சொல்லுங்கள், புதிய உத்தரவில் அவர் பெயர் இல்லை.

ஜெரோம்


பல்லடம்,
6 ஆகஸ்ட் 2025

அன்புள்ள திரு. ஜெரோம்,

பெட்டி வந்துவிட்டது. ஆள் வரவில்லை. மாதக் கடைசியில் வருகிறேன் என்றார். பிறகு ஆடிப்பெருக்கு கழித்து என்றார். இப்போது போனை எடுப்பதில்லை.

உங்கள் கடைசிக் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். திண்டாடித் திண்டாடிக் கண்ணாடியை ஒரு கையால் மாட்டிப் படித்தார். கட்டு பிரித்தாகிவிட்டது, ஆனால் இடதுகை விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. படித்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மறுநாள் கொட்டகையில் அந்தப் பெட்டிமேல் ஒரு சாக்கு போர்த்தியிருந்தது. கூரையில் ஒழுகும் இடம் அது.

நேற்று நான் உள்ளே போனபோது அவர் பெட்டிக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். "நாந் தொடமாட்டேன் கண்ணு, பயப்படாத" என்றார். இத்தனை வாரங்களுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. நான் பயப்படவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லுமுன் போய்விட்டார்.

அத்தை வேறு மாதிரி. "ஆளு வராத பொட்டிக்குக் காவலு வேற! இருவத்தி ரெண்டாந்தேதி சமையல்காரங்க அடுப்பு வெட்ட வந்துருவாங்க. அண்டா எங்க வெக்கறது? உங்க கம்பெனிக்காரன் தலையிலயா?" என்கிறார். பழைய இரும்புக்காரரிடம் பேசி வைத்திருக்கிறார். அத்தைமேல் எனக்குக் கோபமில்லை. அந்த இயந்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கை ஒடிந்த சத்தம் கேட்கிறது. அவர்தான் அன்று வாசலில் இருந்தவர்.

எனக்கு அலுத்துவிட்டது, ஜெரோம். நல்லது நடந்தபிறகும் இவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கிறது. எப்போது ஆள் வருவார் என்று மட்டும் சொல்லுங்கள். வரமாட்டார் என்றாலும் சொல்லுங்கள்.

லோகப்பிரியா


அம்பத்தூர்,
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள லோகப்பிரியா,

வரமாட்டார். வேலையை விட்டுவிட்டார். சொல்லிக்கொள்ளவும் இல்லை. அந்த இடத்துக்கு ஆள் எடுக்கச் செப்டம்பர் கடைசியாகும்.

நானே கிளம்பி வந்துவிடலாமா என்று யோசித்தேன். பத்து வருஷம் பைக்கில் டூல்பாக்ஸோடு சுற்றியவன்தான் நான். விடுப்பு கிடைக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து என்னை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்தக் கடைசி வரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மேலாளர் சொன்னார். நான் கேட்கவே இல்லை. கிடங்கில் கடிதம் எதுவும் வராது. அதுவும் ஒரு ஓய்வுதான்.

பெட்டியை நீங்கள் பிரிக்கக் கூடாது என்று எழுதுவது என் வேலை. எழுதிவிட்டேன்.

மற்றபடி, எந்த லேத்தானாலும், புதிதாக மோட்டார் மாட்டியபின் முதல்முறை ஓட்டும்போது சக்கைக் கழற்றித் தனியாக வைத்துவிட வேண்டும். சுற்றும் தண்டின் மேல்பக்கம் கடைபவரை நோக்கி வர வேண்டும். வயர்களில் எண் போட்டிருக்கும், போர்டிலும் அதே எண்கள் இருக்கும். இது யார் கேட்டாலும் சொல்கிற பொதுவான விஷயம்.

ஜெரோம்


பல்லடம்,
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜெரோம்,

பெட்டியை நேற்றுப் பிரித்தேன். முத்திரையை உடைத்தது நான். உங்கள் பதிவில் "மூன்றாம் நபர்" என்று போட வேண்டாம். லோகப்பிரியா என்று என் பெயரையே போடுங்கள். வாரண்டி போனது போகட்டும்.

போர்டை மாட்டுவது சிரமமாக இல்லை. மோட்டாரைத்தான் தனியாக மாட்ட முடியவில்லை. ஒருவர் தூக்கிப் பிடித்தால்தான் இன்னொருவர் போல்ட் போட முடியும். நிதீஷ் திருப்பூரில் இருந்தார். வெளியே போய்ப் பார்த்தேன். மாமா கொட்டகைக்குப் பின்னால் அடுப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, மோட்டாரைப் பிடிக்கோணும். ஆளில்லைங்க."

"நானா?"

"நீங்கதான்."

"கம்பெனிக்காரன் எழுதுவான் கண்ணு."

"நான் தொறந்தேன்னு நானே எழுதிர்றேன் மாமா."

அவர் விறகைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்தார். வலதுகையால் மோட்டாரைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடதுகையை அடியில் முட்டுக்கொடுத்து நின்றார். விரல்கள் மடங்காவிட்டாலும் கை தாங்கியது. நான் போல்ட்டுகளைப் போட்டேன். அவருக்கு வேர்த்து வழிந்தது. "சீக்கிரம்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அத்தை வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் இன்னும் புத்தி வரல" என்றார். போகவில்லை. அங்கேயே நின்றார்.

சக்கைக் கழற்றித் தரையில் வைத்திருந்தேன். சுவிட்சை அவரைப் போடச் சொன்னேன். மாட்டேன் என்று தலையாட்டினார். நானே போட்டேன். "உம் பக்கமாத்தான் வருது" என்றார் மாமா. மறுபடி குனிந்து பார்த்துவிட்டு, "ஆமா, உம் பக்கந்தான்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நிறுத்தினேன். சக்கை முறுக்கி மாட்டினேன். ஒரு வாகைத் துண்டை அதில் பொருத்தினேன். ஓடினால் போதாது, கடைய வேண்டும். விரலைச் சுவிட்சில் வைத்துவிட்டு என்னால் அழுத்த முடியவில்லை.

"என்ன கண்ணு?"

"நீங்க அக்கட்டால போயி நில்லுங்க மாமா."

"அப்ப நீயும் வா."

"கடையறவ தள்ளி நிக்க முடியாதுங்க மாமா."

அவர் லேத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, மரத்துக்கு நேராக இல்லாமல் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். அடிபட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"செரி, போடு" என்றார்.

போட்டேன்.

லோகப்பிரியா